ஃபேட்டி லிவர் என்று சொன்னார்களா? சிறுநீரையும் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்கு வயது 42, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. வேலையிடத்தில் ஏற்பாடு செய்த உடல்நலப் பரிசோதனையில் அல்ட்ராசவுண்ட் எடுத்து, கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். கல்லீரல் நொதிகளான ஏஎல்டி 62, ஏஎஸ்டி 41, பிளேட்லெட் 250, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் 88, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைச் சொல்லும் இஜிஎஃப்ஆர் 93, சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1, ரத்த அழுத்தம் 138/88. கிட்னி நார்மல் என்றுதான் அறிக்கை சொல்கிறது. ஆனால் உங்கள் மாமா, "ஃபேட்டி லிவர் வந்தால் அடுத்தது கிட்னிதான்" என்று சொல்லிவிட்டார். அது உண்மையா என்பது ஒரு கேள்வி. 68 வயது அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய், அவருக்கும் கல்லீரலில் கொழுப்பு, கிரியேட்டினின் 84. அவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா என்பது இரண்டாவது கேள்வி.

நான் இங்கே சிங்கப்பூரில் இருபத்தாறு வருடம் தாதியாக வேலை பார்த்தவள். அதில் கடைசிப் பதினான்கு வருடம் ரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில். உங்கள் மருத்துவர் சொல்வதற்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா சொன்னதில் பாதி உண்மை. கல்லீரலில் கொழுப்பு உள்ளவர்களுக்குச் சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 13 நீண்டகால ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று இருக்கிறது. அதில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், அவர்களைக் கவனித்த காலம் ஏறக்குறைய பத்து வருடம். கொழுப்பு இருந்தவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் ஆபத்து சுமார் 43 விழுக்காடு கூடுதல் என்று தெரியவந்தது. இந்த எண்ணைக் கேட்டதும் நூற்றில் 43 பேருக்குக் கிட்னி போய்விடும் என்று நினைத்துவிடாதீர்கள். நூறு பேரில் பத்துப் பேருக்கு வரக்கூடிய நோய், பதினான்கு பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கல்லீரலில் வெறும் கொழுப்போடு நின்றவர்களைவிட, தழும்பு விழத் தொடங்கியவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது.

ஏன் இப்படி? இதை விளக்க எனக்குப் பிடித்த இடம் ரத்த அழுத்தம். உடலில் ரத்தக் குழாய்களை இறுக்குகிற ஆஞ்சியோடென்சின் என்று ஒரு பொருள் உண்டு. அதற்கான மூலப்பொருளைச் செய்வது கல்லீரல். அதை வெட்டுகிற ரெனின் என்ற கத்தரியைச் செய்வது சிறுநீரகம். இரண்டு உறுப்பும் சேர்ந்தால்தான் அந்தச் சரக்கு தயாராகும். தொப்பையும் கல்லீரல் கொழுப்பும் ஏறும்போது இந்தப் பட்டறை ஓய்வில்லாமல் ஓடுகிறது. அழுத்தம் ஏறுகிறது, அதுவும் சிறுநீரகத்துக்குள் இருக்கிற நுண்ணிய வடிகட்டிகளில் ஏறுகிறது. ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் திரவத்தை வடிக்கின்றன. ஆரம்பத்தில் அவை கூடுதலாக உழைத்துச் சமாளிக்கும். அந்தக் கட்டத்தில் இஜிஎஃப்ஆர் குறைவதற்குப் பதில் நன்றாகவே இருக்கும், சிலருக்கு உயர்ந்துகூட இருக்கும். பிறகு வடிகட்டியின் சவ்வு தளர்ந்து, ரத்தத்தில் தங்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கும்.

இரண்டாவது வழி இனிப்பு. நாம் போடும் சீனியில் பாதி ஃபிரக்டோஸ். அதைக் கையாள்வது பெரும்பாலும் கல்லீரல்தான். அளவு மிஞ்சினால் அங்கேயே கொழுப்பாக மாற்றிவைக்கும், கூடவே யூரிக் அமிலமும் உண்டாகும். அந்த யூரிக் அமிலத்தில் பெரும்பகுதியை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்தின் தலையில் விழுகிறது. இது போக இன்சுலின் சரியாக வேலை செய்யாமை, கொழுப்பேறிய கல்லீரல் ரத்தத்தில் விடும் அழற்சிப் பொருள்கள், பரம்பரை எல்லாம் உண்டு. பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் உள்ளவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு எளிதாகச் சேரும். அவர்களில் சிறுநீரகச் செயல்பாடும் சற்றுக் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

சரி, அப்படியானால் கல்லீரல்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா? இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. சர்க்கரை, அழுத்தம், தொப்பை இந்த மூன்றும் இரண்டு உறுப்பையும் ஒரே நேரத்தில் தாக்குகின்றன. கல்லீரல் ஸ்கேனில் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது, சிறுநீரகம் தெரிவதில்லை. கல்லீரல் தன் பங்குக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது, ஆனால் பொதுக் காரணங்களின் பங்கே பெரிது என்று நினைக்கிறேன். 2023இல் இந்த நோயின் பெயரையே மாற்றினார்களே, அதன் பின்னால் இருப்பதும் இந்த எண்ணம்தான். முன்பு மது சாராத கொழுப்புக் கல்லீரல் என்றார்கள். இப்போது எம்ஏஎஸ்எல்டி, அதாவது வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய். கல்லீரலில் கொழுப்போடு உடல் எடை, சர்க்கரை, அழுத்தம், டிரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு இவற்றில் ஒன்றாவது கோளாறாக இருந்தால் இந்தப் பெயர். உங்களுக்கு எடை, சர்க்கரை, அழுத்தம் என்று குறைந்தது மூன்று இருக்கின்றன.

என் அண்ணன் கதையைச் சொல்கிறேன். அவருக்கும் உங்கள் வயதில்தான் ஃபேட்டி லிவர் என்று அறிக்கை வந்தது. அண்ணி அதைப் பிஸ்கட் டின்னில், பாஸ்போர்ட்டுக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவில் மடித்து வைத்தார். "எல்லாருக்கும் இருக்கிறதுதானே, கொஞ்சம் எடை குறையுங்கள்" என்று பரிசோதித்தவர்கள் சொல்லி அனுப்பினார்கள். சிறுநீரில் ஆல்புமின் பார்க்க யாரும் சொல்லவில்லை, தாதியாக இருந்த நானும் சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. எல்லைக்கோட்டில் இருந்த சர்க்கரை சில வருடத்தில் சர்க்கரை நோயானது. எட்டாவது வருடம் ஆல்புமின் கசிந்து சிறுநீர் நுரை நுரையாகப் போவதைப் பார்த்தும், கழிவறை கழுவும் திரவத்தின் நுரை என்று நினைத்துக்கொண்டார். இப்போது வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இடது கையில், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்த ஃபிஸ்டுலா இருக்கிறது. அதன் மேல் விரல் வைத்தால் தோலுக்கடியில் வண்டு ரீங்காரமிடுவது போல அதிரும். தினமும் காலையில் அந்த அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். தண்ணீருக்கு அளவு இருப்பதால் ஐஸ்கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டுவார். அவருடைய கல்லீரல் இன்றுவரை அவரைத் தொந்தரவு செய்ததே இல்லை. "ஒரு நாள்கூட வலிக்கவில்லையே" என்றுதான் இன்னமும் சொல்கிறார்.

சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் மூன்றில் இருவருக்குக் காரணம் சர்க்கரை நோய்தான். 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம். இங்குள்ள இந்தியர்களிடம் சர்க்கரை நோய் சீனர்களைவிட அதிகம். அதனால்தான் 6.1 என்ற உங்கள் எண்ணைச் சின்ன விஷயமாக விடக் கூடாது என்கிறேன். இங்கே எச்பிஏ1சி 6.1 முதல் 6.9 வரை வந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரையோ குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையோ செய்து உறுதிப்படுத்துவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி அந்தச் சிறுநீர்ச் சோதனை. உங்கள் அறிக்கையில் இல்லாதது இதுதான். சிறுநீர் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் என்று கேளுங்கள், யூஏசிஆர் என்றாலும் புரியும். சாதாரணப் பரிசோதனையில் சிறுநீரில் பட்டை முக்கிப் பார்ப்பார்களே, அது போதாது. ஆரம்பக் கசிவை அந்தப் பட்டை தவறவிடும். யூஏசிஆர் மில்லிமோலுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. 3 முதல் 30 வரை என்றால் கசிவு தொடங்கிவிட்டது. 30க்கு மேல் என்றால் தீவிரமாகக் கவனிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுப்பது நல்லது. முந்தின நாள் ஜிம்மில் கடுமையாகப் பயிற்சி செய்திருந்தாலோ, காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலோ அன்று கொடுக்க வேண்டாம், பொய்யாக ஏறும். ஒரு தடவை கூடுதலாக வந்தால் உடனே கலங்காதீர்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை பார்த்து இரண்டு தடவையாவது கூடுதலாக வந்தால்தான் கணக்கு. இஜிஎஃப்ஆர் விஷயத்திலும் அப்படித்தான்: 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட நோய் என்பார்கள். ஆனால் இஜிஎஃப்ஆர் 93 ஆகவே இருந்தாலும், ஆல்புமின் தொடர்ந்து கசிந்தால் அதுவும் நாள்பட்ட சிறுநீரக நோய்தான். பலருக்கும் தெரியாதது இந்தக் கடைசி வரி.

கல்லீரல் பக்கத்தில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. கல்லீரலில் தழும்பு இருக்கும் வாய்ப்பை ஊகிக்கும் ஃபிப்-4 என்ற கணக்கை நீங்கள் கொடுத்த எண்களிலிருந்தே போட முடியும். வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, பிளேட்லெட்டையும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 0.87 வருகிறது. 1.3க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. அதனால் கல்லீரல் தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு இப்போதே ஓட வேண்டியதில்லை. ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு 40 தாண்டிவிட்டதால் அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி நோய்த்தடுப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ளலாம். ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து போவதுதான் அதில் பெரிய லாபம். வேலையிடத்தில் ஒரு வருடம் ஒரு நிறுவனம் பரிசோதிக்கும், அடுத்த வருடம் வேறொன்று வரும். போன வருட எண்ணோடு யார் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்? பலதுறை மருந்தகமோ பக்கத்து புளோக்கில் இருக்கும் குடும்ப மருத்துவரோ, ஒருவரையே பிடித்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்ய வேண்டும் என்றால், முதல் வேலை எடை. உங்கள் உயரத்துக்கு உடல் எடைக் குறியீடு 27 வருகிறது. நம்மவர்களுக்கு 23லிருந்தே கவனம் தேவை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 78 கிலோவில் 5 விழுக்காடு, அதாவது நான்கு கிலோ குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு கரையத் தொடங்கும். ஐந்தரை முதல் எட்டு கிலோ வரை குறைந்தால் அழற்சியும் குறையும், தழும்பும் குறைய வாய்ப்புண்டு. ஒரு வருடம் எடுத்துக்கொண்டு குறைத்தால் போதும். பட்டினி கிடந்து ஒரு மாதத்தில் குறைப்பது கல்லீரலுக்கே நல்லதில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், தினமும் குடிக்கும் தேநீர், காப்பியிலிருந்து தொடங்குங்கள் என்பேன். சாப்பாட்டில் கை வைத்தால் வீட்டில் சண்டை வரும், டம்ளரில் கை வைத்தால் வராது. காப்பிக் கடையில் தே தாரிக் கலக்குபவரின் கையைக் கவனியுங்கள். கெட்டிப்பால் டின்னிலிருந்து கரண்டியில் ஒழுகி டம்ளரின் அடியில் மஞ்சளாக உட்காரும், அதன் மேல்தான் சாயம் விழும். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, வேலை முடிந்து ஒன்று என்று போனால் கணக்கு எங்கே நிற்கும்? சீனி குறைத்த சியூ டாயில் ஆரம்பித்து, இரண்டு மாதத்தில் சீனியே இல்லாத கோசோங்குக்கு வந்துவிடலாம், நாக்கு பழகிவிடும். பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கோசோங் கல்லீரலுக்கு நல்லது என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன: காப்பி குடிப்பவர்களிடம் கல்லீரல் தழும்பு குறைவாகக் காணப்படுகிறது. டின் பானங்களில் ஏ முதல் டி வரை தரம் சொல்லும் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள். சீனியால் டி வாங்கிய பானத்தில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சீனி. 330 மில்லி டின் என்றால் ஆறேழு தேக்கரண்டி ஒரே மூச்சில் உள்ளே போகிறது.

அப்புறம் உப்பு. சிங்கப்பூரில் சராசரியாக ஒருவர் நாளுக்கு 9 கிராம் உப்புச் சாப்பிடுகிறார், 5 கிராம்தான் அளவு. மீ சூப்பின் சாற்றை மிச்சம் வையுங்கள், ஊறுகாயையும் அப்பளத்தையும் தினசரியிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் 138/88க்கு இதுவே பாதி மருந்து. வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை. எடை குறையாவிட்டாலும் நடை கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும், அதனால் தராசு அசையவில்லை என்று நடையை நிறுத்திவிடாதீர்கள். மதுவை விட்டுவிட முடிந்தால் விட்டுவிடுங்கள்.

மருந்துகளைப் பற்றி நம்மவர்களிடம் இரண்டு தவறான பயம் இருக்கிறது. ஒன்று, பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்பது. ஆல்புமின் கசிகிறவர்களுக்கு லோசார்டன், எனலாப்ரில் மாதிரி மாத்திரைகள் கொடுப்பதே சிறுநீரகத்தைக் காக்கத்தான். நான் மேலே சொன்ன அந்த ஆஞ்சியோடென்சின் பட்டறையைத்தான் அவை தணிக்கின்றன. தொடங்கியதும் கிரியேட்டினின் சற்று ஏறலாம், மருத்துவர் அதை எதிர்பார்த்துத்தான் திரும்ப ரத்தம் எடுக்கச் சொல்வார். இரண்டாவது, ஃபேட்டி லிவர் இருப்பதால் கொலஸ்ட்ரால் மாத்திரை கூடாது என்பது. ஸ்டேட்டின் என்ற அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை ஃபேட்டி லிவரில் பாதுகாப்பானது. கல்லீரலில் கொழுப்பு உள்ளவர்கள் அதிகம் இறப்பது இதய நோயால்தான், ஆகவே தேவைப்படுகிறவர்கள் அதை நிறுத்தவே கூடாது. சர்க்கரை நோயோடு சிறுநீரகப் பாதிப்பும் உள்ளவர்களுக்கு எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தின் சரிவை மெதுவாக்குகின்றன. செமாகுளுட்டைட் ஊசி 2024இல் வெளியான பெரிய ஆய்வில், சர்க்கரையால் வந்த சிறுநீரக நோயின் மோசமான விளைவுகளை 24 விழுக்காடு குறைத்தது. அதே மருந்தைக் கல்லீரல் அழற்சிக்கும் 2025இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஒரே மருந்து இரண்டு உறுப்புக்கும் உதவுகிறது என்றால், இரண்டின் வேரும் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். உங்களுக்கு இப்போது இவை தேவைப்படாது.

உண்மையில் பயப்பட வேண்டிய மாத்திரை வேறு. முதுகுவலிக்கும் பல்வலிக்கும் வீட்டில் வைத்திருக்கும் பான்ஸ்டான், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையறா. நாள்கணக்கில் போட்டால் சிறுநீரகத்துக்கு நேரடி அடி. வலிக்கு அளவோடு பேனடால், அதாவது பாராசிட்டமால், போதும். மூலிகையிலும் கவனம் வேண்டும். ரசத்தில் போடும் மஞ்சளால் ஒன்றுமில்லை. மிளகுச்சத்துச் சேர்த்து விற்கும் வீரியமான மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள். நட்சத்திரப் பழச் சாற்றை உடம்புக்கு நல்லது என்று வெறும் வயிற்றில் டம்ளர் டம்ளராகக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தை நாட்கணக்கில் முடக்கிவிடும். சிறுநீரக நோய் ஏற்கெனவே உள்ளவர்கள் அந்தப் பழத்தைத் தொடவே கூடாது.

அம்மாவுக்கு வருகிறேன். உங்களைவிட அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவருடைய கிரியேட்டினின் 84, உங்களுடையது 88. பார்த்தால் அவருடையது நல்லது போலத் தெரிகிறது. ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. வயதான, ஒல்லியான பெண்ணுக்குத் தசை குறைவு, அதனால் எண் தாழ்வாகவே நிற்கும். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் உங்கள் 88க்கு இஜிஎஃப்ஆர் 93 வருகிறது, அம்மாவின் 84க்கு 62தான் வருகிறது. 60 என்ற கோட்டுக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறார். கல்லீரல் முற்றிக் கெட்டவர்களிடமும் இதே ஏமாற்று நடக்கும்: உடல் வற்றிப்போவதால் கிரியேட்டினின் நார்மல் என்றே காட்டும்.

பன்னிரண்டு வருடச் சர்க்கரை நோய்க்கு வருடம் ஒருமுறை யூஏசிஆர் பார்த்திருக்க வேண்டும். ஹெல்த்ஹப் செயலியைத் திறந்து அம்மாவின் பழைய முடிவுகளில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் மூன்று நான்கு வருட எண்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள்: தேதி, இஜிஎஃப்ஆர், யூஏசிஆர், எச்பிஏ1சி, அழுத்தம். இஜிஎஃப்ஆர் வருடத்துக்கு 5க்கு மேல் இறங்கியிருந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம், முன்கூட்டியே தேதி கேளுங்கள். அவர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறார் என்றால், இஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே போகும்போது அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே நிறுத்திவிடுவார்கள், அதையும் ஓரத்தில் குறித்துவையுங்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஃபிப்-4 கணக்கில் 2 வரைக்கும் தாழ்ந்த ஆபத்து என்று எடுத்துக்கொள்வார்கள். அவருடைய ஏஎஸ்டி, ஏஎல்டி, பிளேட்லெட் கிடைத்ததும் அதையும் போட்டுப் பார்க்கலாம். முழங்கால் வலிக்கு அவர் என்ன மாத்திரை போடுகிறார் என்று நீங்கள் சொல்லவில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் அவருடைய மருந்துப் பையைத் திறந்து பாருங்கள்.